தெரிந்த முகம் வேண்டாம் என்று வேண்டினேன்

மாரியாத்தாளை நம்பி வாழும் என் அக்கா தங்கச்சிமாருக்குச் சொல்கிறேன். இதை எழுத எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. வெட்கத்தில்தான் தள்ளிப்போட்டேன். ஆனால் அவள் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் நன்றி கெட்டவளாகிவிடுவேன்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பெட்டி அடைக்கிற வேலை எனக்கு. கணவர் இறந்து ஆறு வருஷம். இது நடந்தபோது மகள் பன்னிரண்டாம் வகுப்பு. எங்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி வேனின் டிரைவர் முருகேசனோடு எனக்குப் பழக்கம் உண்டானது. கட்டிக்கொள்வதாகத்தான் பேச்சு. முந்தின வருஷம் தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருந்த நாட்களில் நாங்கள் சேர்ந்திருந்தோம். நான் குடும்பக் கட்டுப்பாடு செய்தவள். அதனால் ஆணுறை பற்றி இரண்டு பேருமே நினைக்கவில்லை. அவருக்கு மறைவான இடத்தில் ஒரு சின்னப் புண் இருந்தது. கேட்டதற்கு, சூட்டுக் கொப்புளம் என்றார். நம்பிவிட்டேன்.

தை மாதம் கம்பெனியில் மருத்துவ முகாம் போட்டார்கள். வந்திருந்த நர்சம்மா பெண்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். வலிக்காத புண் தானாக ஆறினாலும் நோய் உடம்புக்குள் இருக்கும், சேர்ந்தவருக்கும் ஒட்டும், ரத்தம் பார்த்தால்தான் தெரியும் என்றார். பிறகு எச்.ஐ.வி. பற்றிச் சொன்னார். அதற்கு மேல் எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

அன்றிலிருந்து என் தட்டு, டம்ளர், சோப்பு, துண்டு எல்லாவற்றையும் தனியாக வைத்தேன். மகள் மடியில் தலை வைக்க வந்தால் வேலை இருக்கிறது என்று எழுந்துவிடுவேன்.

"அம்மா, எம்மேல கோவமா?" என்று ஒருநாள் கேட்டாள். அடுப்படிக்குப் போய் அழுதேன்.

மூன்று செவ்வாய்க்கிழமை ஆத்தா கோயிலில் உட்கார்ந்தேன். எனக்கு நோய் எதுவும் இருக்கக் கூடாது. டெஸ்ட் எடுக்கிற இடத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இந்த இரண்டும்தான் என் வேண்டுதல். அதற்காகவே சிவகாசியை விட்டுவிட்டு விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். இரண்டு முறை, அங்கே எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கும் நம்பிக்கை மையத்தின் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

மூன்றாம் முறை உள்ளே கால் வைத்தேன். பெஞ்சில் என் மதினி உட்கார்ந்திருந்தார், என் கணவரின் அக்கா. முருகேசன் விஷயம் காதில் விழுந்த நாளிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்தியவர். தாயே, இதைத்தானே வேண்டாம் என்று கேட்டேன் என்று ஆத்தாளோடு மனதுக்குள் சண்டை போட்டேன்.

மதினி பையை நகர்த்தி இடம் விட்டார்.

"வா செல்வி, உக்காரு. எங்க வீட்டுக்காரரு லாரியில போயிட்டு வாங்கிட்டு வந்த வினை. எனக்கும் ஊசி போடணுமாம்." சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "நீ எதுக்கு வந்தேன்னு நான் கேக்கலை. இங்கன உள்ளவுக யாருட்டயும் சொல்ல மாட்டாக. பயப்படாத."

"ரெண்டு தடவ வாசலோட ஓடிட்டேன், மதினி."

"நானும் ஒரு தடவ ஓடுனவதான்."

என்னைக் கூப்பிடும் வரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அந்தக் கை இல்லாவிட்டால் அன்றும் ஓடியிருப்பேன்.

உள்ளே ஆலோசகர் ஒரு சின்னப் பெண். முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் கேட்டாள். தட்டு, டம்ளர் கதையைச் சொன்னேன். "அதுலல்லாம் எச்.ஐ.வி. ஒட்டாதுக்கா. பாவம், பிள்ளைய பக்கத்துல படுக்க வைங்க" என்றாள்.

ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. இல்லை. ஆனால் சிபிலிஸ் என்கிற மேகநோய் இருந்தது. ஆரம்பம்தான், பென்சிலின் ஊசியில் குணமாகிவிடும் என்றார் டாக்டர். மூன்று மாதம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும், அதுவரை யாரோடும் சேரக் கூடாது, அவரும் வந்து சிகிச்சை எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். இடுப்பில் இரண்டு பக்கமும் ஊசி. நல்ல வலி. அந்த வலியோடும் எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பும்போது நானும் மதினியும் ஒரே சீட்டில், சரியாக உட்கார முடியாமல் நெளிந்துகொண்டே வந்தோம்.

முருகேசனிடம் சொன்னேன். இரண்டு நாள் கோபித்துக்கொண்டார். மூன்றாம் நாள் அவரே போய் ரத்தம் கொடுத்து ஊசி போட்டுக்கொண்டார். அவருக்கும் எச்.ஐ.வி. இல்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்ததிலும் எனக்கு எச்.ஐ.வி. இல்லை. மேகநோயும் குணமாகி வருகிறது என்றார்கள். ஆவணியில் ஆத்தா சன்னதியிலேயே தாலி கட்டினார். என் பழைய மாமியார் வீட்டில் முணுமுணுத்தபோது மதினிதான் முன்னால் நின்று, "அவ வாழட்டும்" என்றார்.

நான் கேட்ட இரண்டையும் ஆத்தா கேட்டபடி தரவில்லை. நோயே வேண்டாம் என்றேன், குணமாகிற நோயோடு நிறுத்தினாள். தெரிந்தவர் வேண்டாம் என்றேன், மதினியை அனுப்பினாள். எனக்கு எது வேண்டும் என்று என்னைவிட அவளுக்குத் தெரிந்திருந்தது.

மதினியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் யாருக்காவது இப்படி ஒரு பயம் இருந்தால் ஆத்தாளிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள், பஸ் ஏறுங்கள். தனியாகப் போகக் கால் வரவில்லை என்றால் எங்களிடம் வாருங்கள். நானும் மதினியும் கூட வருகிறோம்.