காலடி விழாத தரை

சரோஜம் பொய் சொல்லமாட்டாள். காரக்கோணத்துக்குப் பக்கத்தில் அவள் ஊரே அறிந்த சங்கதி அது. அவள் புருஷன் ஜெயதாசுக்கோ அதுவே பெரிய பயம்.

1954 ஆகஸ்ட். மலையாள ராஜ்யத்தில் கிடந்த தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிக் கொடி பிடித்தவர்களைப் போலீஸ் வீடு வீடாகத் தேடியது. பாறசாலைச் சந்தையில் தையல் மிஷின் மிதித்தாலும், ஜெயதாசும் கொடி பிடித்தவன்தான். விடிந்தும் விடியாமலும் அவன் மூச்சிரைக்க வீட்டுக்குள் ஓடிவந்தபோது, சரோஜம் சிமென்டில் சிவப்புப்பொடி கலந்துகொண்டிருந்தாள்.

தரை பூச வரவேண்டிய கொத்தனார் கலவரத்துக்குப் பயந்து வரவில்லை. வராவிட்டால் போகட்டும், அவளுக்குக் கை இல்லையா? மிஷன் பங்களாவுக்குச் சிவப்புத் தரை போட்டபோது சாந்து சுமந்தவள் அவள். கண்ணால் பார்த்ததுதான் அவள் படித்த படிப்பு.

"போலீசு வருது, சரோஜம்!"

"நெல்லறைக்குள்ள போங்க. சத்தம் காட்டப்பிடாது."

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு பானைத் தண்ணீரும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவடியிலிருந்தே சிவப்புச் சாந்தைப் பூசத் தொடங்கிப் பின்வாங்கிப் பின்வாங்கி வாசல்வரை வந்தாள். பூசியதைப் பூச்சுக்கரண்டியால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் கை நின்றால் திட்டுத்திட்டாகக் கறை விழும், அது பிறகு சாகும்வரை போகாது. பலகை போட்டுக் குந்தி, அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

உள்ளிருந்து கதவிடுக்கில் கண்ணை வைத்த ஜெயதாஸ் அசந்துபோனான். யம்மாடி! நேற்றுவரை சாம்பல் நிறத்தில் கிடந்த தரை, கூரையையே உள்ளே வாங்கிக்கொண்டு மின்னியது. இவளுக்கா இந்தக் கை?

மத்தியானம் ஏட்டு வந்தார், கூடவே இரண்டு போலீஸ்காரர்கள்.

"ஜெயதாஸ் உள்ளே உண்டா?"

நெல்லறைக்குள் ஜெயதாஸ் கதவிடுக்கை விட்டுப் பின்வாங்கினான். தொலைந்தேன், இவள் சொல்லிவிடுவாள்!

சரோஜத்தின் கை நிற்கவில்லை. "ஏட்டையா, விடியக்காலத்தே இருந்து நான் தேய்க்கேன். இதுல ஒரு காலடி உண்டுமாண்ணு நீங்களே பாருங்க."

ஏட்டு குனிந்து பார்த்தார். அறைக்கதவுவரை ஒரு கீறல் இல்லை. ஒரு போலீஸ்காரன் தரையில் மிதிக்கப் பூட்ஸ் காலைத் தூக்கினான்.

"சவிட்டுங்க," என்றாள் அவள். "ஆனா காஞ்சா மாயாதாக்கும். எத்தன வருசமானாலும் உங்க பூட்சு இங்ஙனதான் கெடக்கும். வாறவங்க ஆரு காலுண்ணு கேட்டா பேரு சொல்லுவேன். எனக்குப் பொய் வராது."

தூக்கிய கால் வெளியே இறங்கியது. ஏட்டு தரையை இன்னொரு முறை பார்த்தார். "நல்ல தரை," என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம்வரை அவள் கை ஓயவில்லை. மறுநாள் சாந்து இறுகத் தரையில் தண்ணீர் கட்டி நிறுத்தினாள். நான்காம் நாள்தான் கதவு திறந்தது. சிமென்ட் தின்று அவள் விரல்களெல்லாம் தோலுரிந்திருந்தன.

"நான் பொய் ஒண்ணும் சொல்லல்ல, இல்லியா?" என்று கேட்டாள்.

ஜெயதாஸ் காலை வெளியே நீட்டினான், உடனே உள்ளே இழுத்துக்கொண்டான். மிதிக்க மனம் வரவில்லை.

"சவிட்டுங்க," என்றாள் சரோஜம். "நீங்க நடக்கத்தானே இத்தன பாடு."