மெம்பர் ஐயா ஏறி நின்ற கருவாட்டுப் பெட்டி

கவுன்சில் மெம்பர் என்றால் பொலிஸ் இன்ஸ்பெக்டருக்கும் மேலே உள்ள ஓர் உத்தியோகம் என்றுதான் வெகு நாளாக நம்பிக்கொண்டிருந்தேன். கான்ஸ்டபிள் பிடிப்பான், இன்ஸ்பெக்டர் அடைப்பார், மெம்பர் வந்தால் ஆள் எலும்புகூடக் கிடைக்காது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கறுப்புக் கோட்டும் கொழும்பு ரயிலும் சேர்ந்து வந்தால் நம்மைப் போன்றவர்களுக்கு நல்லதாக இருக்க வழியில்லை என்று நானே யோசித்துக் கண்டுபிடித்த சாஸ்திரம் அது. என் கடை வாசலில் இன்றும் கிடக்கிற கருவாட்டுப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த சாஸ்திரம் ஞாபகத்துக்கு வரும். நாலு மூலையிலும் தகரம் அடித்த பலகைப் பெட்டி. உள்ளே இருந்த கருவாட்டை யாரோ தின்று முடித்துப் பல வருஷம் ஆயிற்று. வாசனை மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது.

அப்போது தெமோதரைக்கு ரயில் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஸ்டேஷனிலிருந்து மேலே மூன்று தேயிலைத் தோட்டங்களுக்குப் பிரியும் அரசாங்க ரோட்டோரம் என் தேத்தண்ணிக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, கடைக்கு மேலே மாவு மூட்டையும் பழைய பானையும் போட்டுவைக்க ஒரு பரண். அந்தப் பரணில் என் பெண்சாதியின் தம்பி ஒளிந்திருந்தான். அவன் மேல் தோட்டத்து ஆள். லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த அவர்களுடைய அம்மாவுக்கு உயிர் இழுத்துக்கொண்டிருப்பதாகச் சேதி வந்தபோது, துரையிடம் லீவு வாங்கித் தரச் சொல்லிப் பெரிய கங்காணியிடம் கேட்டிருக்கிறான். "பாக்கலாம்டா, போயி வேலையைப் பாரு" என்பதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. இவன் நிற்கவில்லை. நடந்தே போய், அம்மாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பி வந்தான். வருவதற்குள் அவன் பேரில் வாரண்டு ரெடியாக இருந்தது. அந்தக் காலத்துச் சட்டம் அப்படி: சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் மறியல், அதாவது ஜெயில். போனவனுக்கு இடம் கொடுத்தவனுக்கும் வழக்கு. அந்த இடம் கொடுத்தவன்தான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவனுடைய பெண்சாதியும் பால் மறக்காத பிள்ளையும் மேலே லயத்து வரிசை வீடு ஒன்றில் இருந்தார்கள். விடியற்காலம் தப்பு அடித்ததும் எல்லோரும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வேண்டும்; பெயரைக் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். ஓடிப்போனவன் பெயரைக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பெரிய கங்காணி தினமும் கூப்பிடுவார். அதுவும் நீட்டி முழக்கி, ஒருமுறைக்கு இருமுறையாக. கூப்பிட்டுவிட்டு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பார். அவள் கொழுந்துக் கூடையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க இறங்கி வருகிறவள் இதைக் கடைக்குப் பின்னால் நின்று மெல்லிய குரலில் சொல்லும்போது, பரணில் பலகை ஒன்று கிறீச்சிடும். புருஷன் பிடிபட்டால் பதுளை மறியல். அவளும் பிள்ளையும் லயத்தை விட்டு இறங்க வேண்டியதுதான் என்று கங்காணி அவளிடம் சொல்லியிருந்தார்.

நான் வீரன் அல்ல என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். என் பெண்சாதி வீரத்துக்கு நான் கட்டிக்கொண்ட வேஷம் அது. "என் தம்பி வாசப்படி இறங்கினான்னா நானும் இறங்கிருவேன். அப்புறம் ரொட்டிய நீங்களே தட்டிக்கோங்க" என்றாள். எனக்கு ரொட்டி தட்டத் தெரியாததால் வீரனானேன். சப்பாத்துப் போட்ட கால் எது கடைப்பக்கம் திரும்பினாலும், பரணுக்குக் கேட்கும்படி "பன்னு தீந்து போச்சு!" என்று கத்துவது எங்கள் ஏற்பாடு. கண்ணாடிப் பெட்டி நிறைய பன்னை வைத்துக்கொண்டு அப்படிக் கத்துகிறவனைப் பற்றி ஊரில் என்ன நினைத்திருப்பார்கள்? பக்கத்து ஜவுளிக்கடை முஸ்லிம் பெரியவரை நானா என்றுதான் கூப்பிடுவோம்; அவர் ஒருநாள் என் கையைப் பிடித்து நாடி பார்த்தார்.

இப்படி இருக்கும்போதுதான் ஸ்டேஷன் போர்ட்டர் வந்து, "அண்ணே, ஞாயித்துக்கெழம ரயில்ல மெம்பர் வாராராம். ஒங்க கடையத்தான் விசாரிச்சிருக்காரு" என்றான். பரணைப் பற்றிக் கொழும்பு வரைக்கும் தெரிந்துவிட்டது, ஒரு ஆளைப் பிடிக்க இத்தனை பெரிய உத்தியோகஸ்தரையே அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பெரிதாக இல்லை. இரண்டு நாள் யோசித்து ஒரு தந்திரம் செய்தேன். வீட்டில் அம்மை போட்டிருந்தால் வாசலில் வேப்பிலை செருகுவது நமது வழக்கம். அதைப் பார்த்தால் எந்தக் கொம்பனும் உள்ளே வரமாட்டான். ஆனால் தெமோதரைக் குளிரில் வேப்பமரத்துக்கு எங்கே போவது? கறிவேப்பிலையைக் கட்டித் தொங்கவிட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். நானா வந்து ஓர் இலையைக் கிள்ளி மோந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வாசல்லயே ரசம் வைக்கப் போறியா?" என்று கேட்டார்.

மெம்பர் ஐயா வந்தார். நான் எதிர்பார்த்த ஆகிருதி இல்லை. ஒல்லியான மனிதர். கறுப்புக் கோட்டு, வெயிலில் வெளுத்த குடை, முழங்கால் வரைக்கும் செம்மண். பின்னால் பொலிசு இல்லை, ஜனம்தான் வந்தது. மூன்று தோட்டத்து ஆட்களும், சாமான் வாங்க வந்தவர்களும், எதற்கென்று தெரியாமல் கூட்டத்தைப் பார்த்து நடந்தவர்களும். கூட்டத்தை விட்டுத் தள்ளி, கோட்டுப் போட்டுக்கொண்டு, வெள்ளிப் பூண் பிரம்போடு பெரிய கங்காணி. நான் வாசலை மறித்துக்கொண்டு, "பன்னு தீந்து போச்சு!" என்று என் வாழ்நாளிலேயே சத்தமாகக் கத்தினேன். ஐயா கறிவேப்பிலையை அண்ணாந்து பார்த்தார். "வீட்டில் அம்மை போல இருக்கே" என்றார். ஆமாங்க என்றேன். "எனக்குச் சின்ன வயசிலேயே வந்து போய்விட்டது, பயமில்லை" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்.

வந்தவர் சுற்றிப் பார்த்தார். ஏறி நின்று பேச ஏதாவது வேண்டும் என்றார். துரைமார் தோட்டத்துக்குள் கூட்டம் போட விடமாட்டார்கள். அரசாங்க ரோட்டில் நின்றால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்காகத்தான் என் கடையை விசாரித்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பின்னால் புரிந்தது. அந்த நேரத்தில் புரிந்தது ஒன்றுதான்: அவர் கை வைத்த பெட்டி, பரணுக்கு ஏறி இறங்க நான் போட்டு வைத்திருந்த பெட்டி. "அது வேண்டாங்கய்யா, கருவாட்டு நாத்தம்!" என்று காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "நான் பேசுகிற சட்டசபையில் இதைவிடப் பழைய நாற்றமெல்லாம் இருக்கிறது" என்று பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு போய் ரோட்டில் வைத்து ஏறிவிட்டார். மேலே பலகை கிறீச்சிட்டது. நான் பலமாக இருமினேன்.

அவர் கணக்குச் சொன்ன விதத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் எவரிடமும் கண்டதில்லை. வலது கையை உயர்த்தி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். "சபையில் உங்களுக்காகப் பேசினேன். நடந்தது எது, நடக்காதது எது என்று சொல்ல வந்திருக்கிறேன். நடந்ததற்குத்தான் விரலை மடக்குவேன்" என்றார். பதுளைக்கு ரயில்பாதை: வேலை நடக்கிறது, முடியவில்லை. விரல் பாதி மடங்கியது. லயங்களுக்குத் தண்ணீர்க் குழாய்: கேட்டேன், யோசிப்பதாகச் சொன்னார்கள். விரல் நிமிர்ந்தே நின்றது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்: சண்டை போட்டேன், தோற்றேன். அதுவும் நிமிர்ந்தே நின்றது. வைத்தியத்துக்கும் அதே கதி. தோற்றேன் என்று ஒரு பெரிய மனிதர் பெட்டி மேல் ஏறி நின்று சொல்வதை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். கங்காணி இதையெல்லாம் கேட்டு மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் கட்டை விரலைப் பிடித்தார். "தோட்டத்தை விட்டுப் போனால் மறியல் என்று ஒரு சட்டம் இருந்ததே, அது இப்போது இல்லை. சபை எடுத்துப் போட்டுவிட்டது. தேசாதிபதி கையெழுத்து வைத்துவிட்டார்" என்று சொல்லி விரலை உள்ளங்கைக்குள் மடக்கினார். ஜனத்துக்குச் சந்தோஷப்படப் பயம். என் வாய் எப்படித் திறந்தது என்று இன்றுவரை தெரியாது. "ஐயா, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்குத் தெரிஞ்ச ஒருத்தன்... இந்தச் சட்டம் போறதுக்கு முந்தியே... சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேக்குறேங்க... ஓடிப்போயிருந்தா?" என்றேன். கூட்டத்தில் பாதி என் பரணை அண்ணாந்து பார்த்தது. நான் அத்தனை நாள் பொத்திப் பொத்திக் காத்த ரகசியம் எனக்கு மட்டும்தான் ரகசியமாக இருந்திருக்கிறது.

"அந்தக் கேள்வியைத்தான் நானும் சபையில் கேட்டேன்" என்றார் மெம்பர் ஐயா. "பழைய வாரண்டுகளும் செல்லாது. இடம் கொடுத்தவர் மேலும் வழக்கு இல்லை." கடைசி வார்த்தையை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பெரிய கங்காணி பிரம்பால் ரோட்டைத் தட்டினார். "அப்ப எல்லாத்தையும் தோட்டத்த விட்டு ஓடச் சொல்றீங்களாக்கும்?" ஐயா அவர் பக்கம் திரும்பி மரியாதையாகச் சொன்னார்: "ஓடச் சொல்லவில்லை கங்காணியாரே. நடந்தே போகலாம் என்கிறேன்."

கூட்டம் சிரித்தது. முதலில் ஒரு கிழவி, அப்புறம் எல்லோரும். அந்தச் சிரிப்புக்கு நடுவில் கடைக்குள் மலை சரிந்ததுபோல ஒரு சத்தம். பெட்டி இல்லாத பரணிலிருந்து என் மச்சினன் குதித்திருக்கிறான். மாவு மூட்டை ஒன்றும் கூடவே வந்திருக்கிறது. தலை முதல் கால் வரை வெள்ளையாக, தும்மிக்கொண்டே கறிவேப்பிலைக்குக் கீழே வந்து நின்றான். அவனைப் பார்த்துப் பத்துப் பேர் பின்வாங்கினார்கள். அவன் நேரே கங்காணிக்கு முன்னால் போனான். "தெனம் பெரட்டுல கூப்புடுவீங்களாமே. இப்பக் கூப்புடுங்க" என்றான். கங்காணி பிரம்பைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மழை வரும் என்று யாரிடமோ சொன்னார்.

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. பெரட்டில் கூப்பிடுவது போலவே, நீட்டி, உரக்க. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் பெண்சாதிதான் நின்றாள். நம்மில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டாள். அவளும் அதற்கு முன் சொன்னதில்லை, பின்னால் சொல்லியும் நான் கேட்டதில்லை. "இருக்கேன்!" என்றான் அவன். அந்த ஒரு வார்த்தைக்கு எழும்பிய சத்தத்தில் ஸ்டேஷனில் நின்ற இஞ்சின் ஊதியதுகூடக் கேட்கவில்லை என்று போர்ட்டர் பிற்பாடு சொன்னான். நானா தம் கடையிலிருந்து ஒரு புது வேட்டியை எடுத்து வந்து மாவோடு மாவாக அவன் தோளில் போட்டார். நான் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பன் அத்தனையையும் கூட்டத்துக்கு வாரிக் கொடுத்தேன். "தீந்து போச்சுன்னீங்களே அண்ணே?" என்று நாலாபக்கமும் கேட்டார்கள். என் பெண்சாதி அழுதுகொண்டே ரொட்டி தட்டினாள்.

இறங்கும்போது மெம்பர் ஐயா மறுபடியும் கையைத் தூக்கிக் காட்டினார். "மடக்காத விரலை மறந்துவிடாதீர்கள். நானும் மறக்கமாட்டேன்" என்றார். அதற்குப் பிறகும் சில தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் அதே பெட்டி, அதே ஐந்து விரல். ரயில் பதுளை வரைக்கும் போனபோது ஒன்று மடங்கியது. ஒரு தோட்டத்துக்குத் தண்ணீர்க் குழாய் வந்தபோது இன்னொன்று, அதுவும் பாதிதான். பள்ளிக்கூட விரல் மடங்குவதற்கு முன்பே அவர் வருகை நின்றுவிட்டது. முதுமை, அப்புறம் இறந்துபோனார் என்று கேள்விப்பட்டேன். இப்போது மெம்பர்மார் மோட்டார் காரில் வருகிறார்கள். மாலை போட்டுக்கொள்கிறார்கள். கையை மூடியே வைத்திருக்கிறார்கள்; எது முடிந்தது, எது முடியவில்லை என்று தெரிவதில்லை. அவர்களில் ஒருவர்கூட என் பெட்டியைக் கேட்டதில்லை. கேட்டாலும் அது காலியாக இருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்புத்தளையிலிருந்து மச்சினன் வந்து, ரோட்டில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி அதன்மேல் உட்கார்ந்து, தேத்தண்ணியில் சீனி போதவில்லை என்று என்னை வைதுகொண்டிருப்பான்.

பயத்தில் நான் எதை எதையோ நினைத்தேன். நடந்தது இவ்வளவுதான். மெம்பர் ஐயா யாரையும் பிடிக்க வரவில்லை. ஏறி நிற்க ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டார். மறியல் சட்டம் போய்விட்டது என்று சொன்னார். அன்று பின்னேரம் என் மச்சினன் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு, பெண்சாதியோடு நடு ரோட்டில் நடந்து லயத்துக்குப் போனான். மறுநாள் ஆபீசுக்குப் போய் முறைப்படி நோட்டீஸ் கொடுத்தான். நோட்டீஸ் காலம் முடிந்ததும் மூவரும் ரயிலேறி அப்புத்தளைக்கு வேறு தோட்டத்துக்குப் போனார்கள். யாரும் தடுக்கவில்லை.