சுமதி கேட்டது கொஞ்சம் இடைவெளி

தேர்வு அறை மேற்பார்வை முடிந்து கைபேசியைத் திறந்தபோது சுமதியின் தம்பி செல்வம் பலமுறை அழைத்திருந்தது தெரிந்தது. வராந்தாவில் நின்று திரும்ப அழைத்தேன். "அக்கா, எங்க அக்கா நம்மள வுட்டுப் பூட்சிக்கா" என்றான். விடைத்தாள் கட்டு கையில் இருந்தது. அதை ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

மார்பில் வந்த கட்டி. முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதாக நம் வகுப்புத் தோழிகளில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். படித்தவள், இப்படியா இருப்பாள் என்று சிலர் என்னிடமே கேட்டீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எம்.எஸ்சி. கணிதத்தில் அவளுடைய கருத்தரங்கு நாள் உங்களுக்கு நினைவிருக்கும். கரும்பலகை முழுவதும் நிறுவலைப் பிழையில்லாமல் எழுதி முடித்தாள். பிறகு நம் பக்கம் திரும்பவில்லை. "திரும்பும்மா" என்றார் பேராசிரியர். சாக்பீஸைப் பிடித்தபடி பலகையைப் பார்த்தே நின்றாள். வகுப்பு சிரித்தது. யாரோ திமிர் என்றார்கள். அதற்குச் சமூகப் பதற்றம் என்று ஒரு மனநல மருத்துவர் பெயர் சொல்ல இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் அவள் ஆசிரியர் வேலையை விட்டு ஆரணிக்கே திரும்பி, வீட்டில் இருந்தபடி பட்டுப்புடவைகளுக்குக் கணினியில் டிசைன் போட ஆரம்பித்திருந்தாள். ஊரில் பாதிக் கல்யாணங்களில் அவள் வரைந்த கொடியும் அன்னமும் இருக்கும். எந்தக் கல்யாணத்திலும் அவள் இருக்க மாட்டாள்.

மாத்திரை ஓரளவு உதவியது. மீதிக்கு அவளே ஒரு வழி தேடினாள். இப்படிப்பட்டவர்களுக்குத் துணையாக வெளிநாடுகளில் நாய்களைப் பழக்குகிறார்கள். இங்கே அவளுக்குப் பழக்கித் தர ஆள் கிடைக்கவில்லை. தெருவில் கிடந்த கறுப்புக் குட்டி ஒன்றை எடுத்துவந்து, வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே பழக்கினாள். பெயர் பிரவுனி.

"கறுப்பு நாய்க்கா?" என்று கேட்டேன்.

"ஊர்ல எல்லா நாயும் பிரவுனிதான்டி. இது மட்டும் எதுக்குத் தனியா தெரியணும்?"

எனக்கு நம்பிக்கை இல்லை. அவளிடமும் சொன்னேன். ஆனால் காய்கறி மார்க்கெட்டில் பார்த்தது பார்த்ததுதான். அவள் விரல் நடுங்கத் தொடங்கியதும் பிரவுனி மூக்கை அவள் உள்ளங்கைக்குள் வைத்து அழுத்தியது. யாராவது நெருங்கினால் இருவருக்கும் நடுவே குறுக்காக நின்றது. அவள் துப்பட்டா நுனியைப் பிடித்தால் அவளை வெளியே இழுத்துப்போனது. "நாய் இழுக்குதுங்க, வரேன்" என்பாள். பேச்சிலிருந்து விடுபட வாழ்நாளில் முதல்முறையாக அவளுக்கு ஒரு சாக்கு கிடைத்திருந்தது. வங்கிக்குப் போனாள். டீக்கடையில் நின்று டீ குடித்தாள். "பயம் போவல. ஆனா இப்ப நடுவுல ஒரு நாய் கீது" என்றாள். அவள் சிரித்து நான் பார்த்த காலம் அதுதான்.

பக்கத்தில் இருக்கும் சமணக் குன்றான திருமலைக்குப் போகலாம் என்று அவளே ஒருநாள் கேட்டாள். பஸ்ஸில் ஏறினோம். "இன்னாம்மா, நாயெல்லாம் ஏத்திகினு? எறக்குங்க" என்றார் நடத்துநர்.

"டாக்டர் எழுதிக் குடுத்திருக்காருங்க" என்றேன்.

"யாருக்கு, நாய்க்கா?"

பஸ்ஸே சிரித்தது. இறங்கிவிட்டோம்.

அதுவாவது பரவாயில்லை என்று ஆகிவிட்டது பிறகு. ஒரு தேய்பிறை அஷ்டமியன்று எதிர்வீட்டு அம்மாள் தட்டோடு வந்து பிரவுனியின் நெற்றியில் குங்குமம் வைத்தார். "பைரவர்மா இது. கறுப்பா கீது, கொரைக்கறதே இல்ல, உன் பயத்தைப் போக்கிச்சே. வேற யாரு?" கெட்ட எண்ணம் துளியும் இல்லாத பெண்மணி. விஷயம் தெருத்தெருவாகப் பரவியது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "புள்ள தூக்கத்துல பயந்துகினே கீதும்மா, ஒரு தபா தொட்டுக்கட்டும்." பிஸ்கெட், வடைமாலை. வங்கியில் வரிசையை விட்டுவிட்டு அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பஸ்ஸில் இப்போது இடம் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று கும்பிட்டார்கள். பிரவுனி குறுக்கே வந்து நின்றால், ஆசீர்வாதம் என்று இன்னும் கிட்டே வந்தார்கள்.

அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. சொல்ல முடிந்திருந்தால் நாயே தேவைப்பட்டிருக்காது.

"முன்ன வெரட்டனாங்க, இப்ப கும்புடறாங்க. ரெண்டுத்துலயும் என்னைத்தான்டி பாக்கறாங்க" என்றாள். அன்றிலிருந்து வெளியே வருவது குறைந்தது. பிறகு நின்றது. கட்டி தெரிந்தபோது கதவு மூடித்தான் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

பல மாதம் கழித்துச் செல்வத்துக்குத் தெரியவந்ததும் நாங்கள் மூவரும் நாயோடு காரில், வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். வாசலில் இருந்த காவலாளி பிரவுனியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமிதாம்மா, இல்லன்னு சொல்லல. ஆனா உள்ள வுட முடியாது." அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. செல்வம் நாயோடு காரில் இருந்தான். கூட்டத்தில் நானும் அவளும் உட்கார்ந்தோம். கையைப் பிடித்துக்கொண்டேன், பிரவுனி செய்தது என் கையால் ஆகவில்லை. முன்பதிவுச் சீட்டை நீட்ட எழுந்து போய்த் திரும்பினேன். நாற்காலி காலியாக இருந்தது. வெளியே காரின் பின்சீட்டில், நாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக் கிடந்தாள். "வூட்டுக்குப் போலாம்" என்றாள். அடுத்தமுறை உள்ளே போனபோது ஸ்ட்ரெச்சரில் போனாள். அப்போது அவளுக்குக் கூட்டம் தெரியவில்லை.

அடக்கத்துக்கு வந்த கூட்டத்தை அவள் பார்த்திருந்தால் செத்தே போயிருப்பாள் என்று செல்வம் சொன்னான். சொல்லிவிட்டுத் தானே சிரித்து, அப்படியே உடைந்து அழுதான். பிரவுனி கண்ணாடிப் பெட்டிக்கும் ஜனங்களுக்கும் நடுவே குறுக்காக நின்றுகொண்டிருந்தது. அதையும் சிலர் தொட்டுக் கும்பிட்டார்கள்.

செல்வத்துக்குச் செய்யாரில் ஷிப்ட் வேலை. நாய் இப்போது என்னிடம் இருக்கிறது. அதனால் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை. அதற்கு என்னாலும் இல்லை. என் கை நடுங்குவதில்லை. அது வேலைக்காகக் காத்திருக்கிறது. அஷ்டமிக்கு என் வீட்டு வாசலுக்கும் தட்டோடு வருகிறார்கள். "வேணாங்க, கிட்ட வராதீங்க" என்கிறேன். திட்டிவிட்டுப் போகிறார்கள். சுமதியால் கடைசிவரை சொல்ல முடியாமல் போன வார்த்தைகள் அவை. அவளிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறேன். அதைக் கேட்டு உள்ளே நிம்மதியாக மூச்சு விடுவதற்கு யாரும் இல்லை.