ஆளுக்கொரு டப்பா

அக்காவும் தம்பியும் உறைய வைத்த சாப்பாட்டு டப்பாக்களை நம்பி உடம்பைக் குறைத்த காலம் ஒன்று உண்டு. அதை நினைத்தால் தம்பிக்கு இப்போதும் முகம் மலர்ந்துவிடும்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். அக்கா சலவை நிலையத்தில் நாளெல்லாம் நின்று இஸ்திரி போடுகிறவள். இருவருக்கும் கல்யாணமாகவில்லை, ஒரே வீட்டில் இருந்தார்கள். வேலை விட்டு வந்தால் அடுப்படிப் பக்கம் போக உடம்பு வணங்காது. வெளியே வாங்கிய எண்ணெய்ப் பலகாரம்தான் சாப்பாடு. பர்ஸ் இளைத்தது, ஆட்கள் பெருத்தார்கள்.

ஒருநாள் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. மேலே இயந்திர அறைக்கு ஏறும் சின்னக் கதவில் தம்பியின் வயிறு சிக்கிக்கொண்டது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

"லிஃப்டுக்குள்ள ஒருத்தர் மாட்டிக்கிட்டாரு. ரிப்பேர் பண்ண வந்தவரு இங்க மாட்டிக்கிட்டாரு" என்று காவலாளி போனில் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அக்கா சிரிக்கவில்லை.

"எனக்கும் படியேறினா மூச்சு வாங்குதுடா. சேர்ந்தே குறைப்போம்" என்றாள்.

சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரின் முன்னால் நின்று டப்பாக்களின் பின்பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். உப்பும் கொழுப்பும் அதிகமானவை திரும்ப உள்ளே போயின. காய்கறியும் கோழியும் பருப்புமாக இருந்தவை, அதிலும் தள்ளுபடியில் வந்தவை, கூடையில் ஏறின. வயிறு நிறைய, உறைந்த பட்டாணி ஒரு பை.

முதல் நாள் டப்பாவைத் திறந்ததும் தம்பிக்குப் பகீரென்றது.

"என்னக்கா இது, யானைப் பசிக்குச் சோளப்பொரியா?"

"டப்பா காலியானா சாப்பாடு முடிஞ்சுது. மறுசோறு கிடையாது. அதுதான்டா இதுல விசேஷம்."

ஒரு மழை மாலையில் பசி தாங்காமல் அவன் அவளுடைய பங்கையும் சேர்த்துத் தின்றுவிட்டான். அக்கா குடையை அவன் கையில் திணித்து, கடைக்கு நடத்தியே கூட்டிப்போனாள். வழியெல்லாம் திட்டு, திரும்பும்போது சிரிப்பு. மறுநாள் மழை இல்லை, கடையில் வாங்க எதுவும் இல்லை, ஆனாலும் நடந்தார்கள். அதுவே பழக்கமாகிவிட்டது.

மெல்ல மெல்ல தம்பியின் சட்டை தொளதொளத்தது. அதே கட்டடத்தில் லிஃப்ட் மறுபடி நின்றபோது, கதவுக்குள் சர்ரென்று நுழைந்தான். காவலாளி கைதட்டினார்.

தினமும் பேருந்து நிறுத்தத்தைக் கடந்து நடந்த அக்காவை, பேருந்து ஓட்டுநர் ஒருவர் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் தம்பியிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

"இந்த வயசுல எனக்கென்னடா கல்யாணம்?" என்று அக்கா சீறினாள்.

"கேட்டது அவரு. என் மேல ஏன் பாயுற?"

சீறியவள்தான், அடுத்த வாரமே புதுச் செருப்பு வாங்கினாள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள்.

தம்பி இப்போது சமைக்கக் கற்றுக்கொண்டுவிட்டான், உடம்பும் ஏறவில்லை. ஆனாலும் சில நாள் வேண்டுமென்றே ஒரு டப்பா வாங்கிச் சுடவைத்து, அக்காவுக்குப் போன் போடுவான்.

"ருசியெல்லாம் அப்படியேதான் இருக்குக்கா. திட்டத்தான் ஆளில்ல."

"விடுமுறைக்கு வர்றேன்டா" என்பாள் அக்கா. "சேர்த்து வச்சுத் திட்டுறேன்."