மாக்கிறட் அக்காவும் கடலுக்குள் இறங்கிய வேலியும்

மாக்கிறட் அக்காவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபம் அவர்மேல் இல்லை. அவரைக் கடலுக்குள் இறக்கினவர்கள்மேல்தான்.

கற்பிட்டிக்குத் தெற்கே, கரையோரத்தில் எங்கள் ஊர். அக்கா அங்கே மீன் கீறி உப்புப் போட்டுக் கருவாடு காயவைக்கிறவர். தாய் தகப்பன் நேரத்தோடு போய்விட்டார்கள். தம்பி வின்சன்டை வளர்த்தது அவர்தான். சின்ன வயதில் வின்சன்டுக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறி, இனி ஒன்றும் செய்ய முடியாதென்று டொக்டர் கையை விரித்தபோது, தலவில் கோவில் புனித அன்னம்மாளுக்கு அக்கா ஒரு நேர்த்தி வைத்தார். பிள்ளை எழும்பினால், சாகும்வரை வருசா வருசம் திருவிழாவுக்குக் கரையாலேயே நடந்து வருவேன், றோட்டில் கால் வைக்கமாட்டேன் என்று. பிள்ளை எழும்பினான். அக்கா நடக்கத் தொடங்கினார்.

பிறகு நாங்களும் சேர்ந்துகொண்டோம். பெரிய கூட்டமில்லை, அக்கம்பக்கத்துப் பெண்கள் கொஞ்சப் பேர், கூட ஓரிரண்டு ஆண்கள். வின்சன்ட் வளர்ந்ததும் செபமாலையை அவனே சொல்லுவான், நாங்கள் பதில் சொல்லிக்கொண்டு ஈரமணலில் நடப்போம். சண்டைக் காலத்தில்கூட நேவிக்காரர்கள் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். தனக்காகவும் ஒரு மெழுகுதிரி கொளுத்தச் சொல்லிக் காசு தந்தவனும் உண்டு. சண்டை முடிந்து சமாதானம் வந்த பிறகுதான் எங்கள் வழி அடைபட்டது. இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

அடைத்தது ஒரு ஹோட்டல். வெள்ளைக்காரர் வந்து பட்டம் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிற இடம். அந்தக் கரை முன்பு வின்சன்ட் ஆட்கள் கரைவலை இழுத்த இடம். யார் விற்றார்கள், யார் வாங்கினார்கள் என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. வலை இழுத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் பிழையும் ஒன்று இருக்கிறது. யாத்திரையில் ஒரு வழக்கம் உண்டு: வழியில் யார் என்ன குடிக்கத் தந்தாலும் மறுக்கக்கூடாது, அது அன்னம்மாள் தருவது. வழியில் ஜுனைதா என்ற முஸ்லிம் பெண் வருசம் தவறாமல் வாசலில் நின்று எங்களுக்கு இஞ்சித் தேத்தண்ணி தருவாள். அதே நினைப்பில்தான் போன வருசம் அந்த ஹோட்டல் மனேஜர் கூப்பிட்டதும் போனோம். கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணியும் கேக்கும் தந்து, எங்களோடு நின்று படமும் எடுத்தார். எழும்புகிற நேரத்தில், "அடுத்த வருசம் றோட் பக்கத்தால வாங்க, அங்கேயே தேத்தண்ணி வைக்கிறோம்" என்றார். கேக்கைத் தின்ற வாயால் எப்படி மாட்டோம் என்பது? மாடு மாதிரித் தலையை ஆட்டிவிட்டு வந்தோம்.

இந்த வருசம் போனால், கரையில் வேலி. கம்பி அடித்த மரக்கட்டைகள் அலைக்குள்ளேயே இறங்கி நிற்கின்றன. வேலியோரத்தில் காவல்காரன் உடுப்போடு எங்கள் வின்சன்ட். ஹோட்டலில் வேலை எடுத்தது தெரியும். தோட்ட வேலை என்றுதான் சொல்லியிருந்தான்.

"அக்கா, றோட்டால போங்க" என்றான், மணலைப் பார்த்துக்கொண்டு.

"ஆர்ர காய்ச்சலுக்கு நேந்த நேர்த்தி எண்டு தெரியுமா உனக்கு?"

"தெரியும். வேலை போயிரும் அக்கா. மூண்டு பிள்ளையள்."

"இண்டைக்கு றோட்டால போனா, இந்தக் கரையில ஆக்கள் நடந்ததே இல்ல எண்டு நாளைக்குச் சொல்லுவாங்க. வலை இழுத்த கரைய அப்பிடித்தானே விட்டீங்க?"

அதற்குள் மனேஜர் வந்துவிட்டார். பின்னால் தட்டில் தேத்தண்ணி. போன வருசம் நீங்கள் எல்லோரும் சம்மதித்ததுதானே என்று சிரித்துக்கொண்டே ஒரு கோப்பையை அக்காவிடம் நீட்டினார்.

அக்கா கோப்பையைப் பார்த்தார். வெயிலில் அவருக்கு உதடு வெடித்திருந்தது.

"வேணாம்" என்றார்.

யாத்திரையில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதேயில்லை.

"ஜுனைதா தாகத்துக்குத் தாறா. நீங்க வாயடைக்கத் தாறீங்க. போன வருசம் எங்களுக்கு வித்தியாசம் தெரியாமப் போச்சு."

சொல்லிவிட்டுச் சீலையை வரிந்து கட்டிக்கொண்டு கடலில் இறங்கினார். திருவிழாக் காலத்தில் இந்தப் பக்கத்துக் கடல் சும்மா இருக்காது. வேலி முடிகிற இடத்தில் தண்ணீர் இடுப்புக்கு மேலே, அலை வந்தால் கழுத்துவரை. நாங்களும் கையைக் கோத்துக்கொண்டு இறங்கினோம். ஒரு அலை என்னைத் தூக்கிக் கம்பியில் அடித்தது, முழங்கை கிழிந்தது. கதிரைகளில் சாய்ந்திருந்த வெள்ளைக்காரர்கள் எழும்பி நின்று எங்களைப் படம் எடுத்தார்கள். எங்கள் மானம் அவர்களுக்கு வேடிக்கை.

அப்போது வேலிக்கு உள்ளேயிருந்து வின்சன்டின் குரல் வந்தது. "அருள் நிறைந்த மரியே வாழ்க..." காய்ந்த மணலில் எங்களுக்கு நேராக நடந்துகொண்டு சொன்னான். இரண்டு பேர் பதில் சொல்லத் தொடங்கினார்கள். அக்கா திரும்பினார்.

"எங்களோட நனையிறவன் செபம் சொல்லட்டும். நீ உன்ர வேலையப் பார்."

வின்சன்ட் அப்படியே நின்றுவிட்டான். மனேஜர் கூப்பிட்டதும் திரும்பிப் போனான். மிச்சச் செபத்தை அக்காவே சொன்னார். அவருக்குக் கரகரத்த குரல், இடையிடையே உப்புத் தண்ணீர் வாய்க்குள் போய் இருமினார். நாங்கள் ஹோட்டலுக்குக் கேட்கட்டும் என்று கத்திப் பதில் சொன்னோம்.

தலவில் கோவிலில் அக்கா நெடுநேரம் முழங்காலில் இருந்தார். சீலையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை நனைந்தது. வெளியே வந்ததும், என்ன கேட்டீர்கள் என்றேன்.

"அந்த வேலி விழ வேணும் எண்டு கேட்டன். வின்சன்டுக்கு வேலை போகக்கூடாது எண்டும் கேட்டன்."

"வேலி விழுந்தா காவல்காரன் எதுக்கு அக்கா? ரெண்டும் எப்பிடி நடக்கும்?"

"அத அவ யோசிக்கட்டும்" என்றார் அக்கா, கோவில் பக்கம் திரும்பி, கோபம் அடங்காமலேயே. "நான் கழுத்தளவு தண்ணிக்குள்ளால வந்திருக்கிறன். அவ இருந்து யோசிக்கட்டும்."