கடைசி பஸ்ஸில் முடிந்த படம்

சின்ன வயதில் பார்த்த அந்தக் குடும்பப் படத்துக்கு ஐம்பது வயதாம், டிவியில் போடுகிறார்கள் என்று வடசேரியில் வறுத்த கடலை வாங்கினேன். அந்த மணத்தில், இன்று கார் நிறுத்துமிடமாகிவிட்ட மார்த்தாண்டம் தியேட்டரும், மூட்டைப்பூச்சி நாற்காலியும், பீடிப்புகையில் நெளியும் வெளிச்சமும் நினைவுக்கு வந்தன; எத்தனை முறை போனாலும் படத்தில் மருமகள் கோபித்துக்கொண்டு படியிறங்கும் இடத்தில் அப்பா கடைசி பஸ்ஸுக்கு எங்களை இழுத்துக்கொண்டு ஓடிய எரிச்சலும் வந்தது. மீதிக்கதையை அம்மாதான் பஸ்ஸில் சொல்வாள்: மருமகள் திரும்பி வந்தாள், மாமியார் சோறு போட்டாள்.

இன்று முழுசாகப் பார்த்தேன். மருமகள் திரும்பி வரவேயில்லை.

ஆத்திரத்தில் அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஏம்மா பொய் சொன்ன?"

"நானும் ஒங்ககூட பஸ்சுலல்லா இருந்தேன், மக்களே."