சிவப்பு நூல் கட்டிய மருந்து

1. வார்த்தது

மடுல்சீமைத் தோட்டத்தில் நான் கம்பவுண்டராகச் சேர்ந்த முதல் மார்கழியில், கொழுந்து பறிக்கும் பெண்களில் பாதிப்பேருக்குக் கை வெடித்திருந்தது. செல்லம்மா என்பவளுக்கு இரண்டு உள்ளங்கையிலும் ரத்தம். கூடை நிறையாததால் அவளுக்குத் தினமும் அரைப்பேர்தான், அதாவது பாதிக் கூலி. தை பிறந்ததும் கூலிப் பதிவிலிருந்து பேரையே வெட்டிவிடுவதாகப் பெரிய கங்காணி சொல்லியிருந்தார். பேர் போனால் லயத்துக் காம்பராவும், அதாவது தோட்டம் கொடுத்த வரிசை வீட்டு அறையும் போகும். அவளுக்குப் புருஷன் இல்லை, கைப்பிள்ளை ஒன்று உண்டு.

நான் இலையில் வைத்துக் கொடுக்கும் களிம்பு, லயத்துக்குப் போய்ச் சேருமுன் பாதி ஒழுகிவிடும். தோட்டத் துரையின் மனைவி, புதிதாக வந்திருந்த துரைசாணி, அதைக் கட்டியாக வார்க்கலாம் என்றார். தேன்மெழுகு, தேங்காயெண்ணெய், கொஞ்சம் கற்பூரத் தைலம். காய்ச்சி, பங்களாவின் கேக் தட்டுகளில் ஊற்றினோம். ஆறியதும் சவுக்காரக் கட்டி போல் நின்றது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் சூட்டுக்கு இளகும். நல்ல மருந்து. அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை.

2. கட்டியது

கிறிஸ்மஸ் பரிசாகக் கொடுப்பதால் பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்றார் துரைசாணி. பேக்கிங் என் தலையில் விழுந்தது. வாட்டிய வாழையிலையில் சுற்றி, மேலே தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாளைப் போட்டு, மூலைகளை மடித்துச் சிவப்பு நூலால் கட்டினேன். பதுளையில் நகை வாங்கினால்கூட இப்படிக் கட்டித் தரமாட்டார்கள்.

காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் துரைசாணி தன் கையாலேயே கொடுத்தார். எல்லோரும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கையில் தேய்க்கிற மருந்து என்று நான் உரக்கச் சொன்னேன். ஆமாங்க என்றார்கள்.

நாலைந்து நாள் போயும் ஒரு கையும் ஆறவில்லை. செல்லம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மருந்து பூசினியா?"

"இல்லீங்க. கங்காணி மவ சடங்குக்குத் தட்டுல வச்சிட்டேன்."

"பூசத்தானே குடுத்தது?"

"அம்புட்டு அழகா கட்டினத யாருங்க பிரிப்பாங்க? வெறுங்கையோட போனா என் பேரு நிக்குமா? எல்லாருந்தான் வச்சாங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவள் கையைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

3. திரும்பி வந்தது

இங்கிலீஷ் வருஷப் பிறப்பன்று கங்காணி வழக்கம்போல் பங்களாவுக்குத் தட்டோடு வந்தார். எலுமிச்சம்பழம், கற்கண்டு, நடுவில் குவியலாக ஈயத்தாள் பொட்டலங்கள்.

"நம்ம வீட்டு விசேசத்துக்கு வந்ததுங்க. தொரசாணியம்மாவுக்குப் புடிக்கும்னு தோணிச்சு" என்றார்.

துரைசாணி என்னைப் பார்த்தார். நான் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன். அவர் ஒன்றைப் பிரித்தார். கட்டி வார்த்தபடியே இருந்தது. கங்காணி போனபிறகு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. எனக்கும் வருத்தம்தான், ஆனால் ஒரு முடிச்சுகூட நெகிழாததையும் கவனித்தேன்.

அன்றே எல்லாவற்றையும் பிரித்து, ஒவ்வொரு கட்டியிலும் கட்டைவிரலை அழுத்திப் பள்ளம் போட்டேன். கைபட்ட பண்டத்தை எங்கள் சனம் சீர்த் தட்டில் வைக்காது. மறுநாள் பெரட்டில் தாளும் நூலும் இல்லாமல் கொடுத்தேன்.

"என்னங்க கம்பவுண்டரய்யா, நோண்டி வச்சிருக்கீங்க? இத யாருக்குக் குடுக்கிறது?" என்றார் கங்காணி.

"யாருக்கும் குடுக்க முடியாதுங்க."

செல்லம்மா கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேறு வழி தெரியாமல் பூசிக்கொண்டாள்.

தை பிறந்தது. அவள் கை ஆறத் தொடங்கியிருந்தாலும் கூடை இன்னும் நிறையவில்லை. நான் பயந்துகொண்டே இருந்தேன். கங்காணி பேரை வெட்டவில்லை.

"சடங்குக்கு முறையா வந்து செஞ்சவ. மாசி வரைக்கும் பாப்போம்" என்றார்.

மாசிக்கு முன்பே வெடிப்பு மூடி, கூடை நிறைந்து, முழுப்பேர் விழுந்தது. அன்று மாலை அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கையை விரித்துக் காட்டினாள். எனக்கு மனம் நிறைந்தது.

"நல்ல மருந்துங்க. மொதல்லயே இப்பிடி அசிங்கமா குடுத்திருக்கலாம்" என்றாள்.

பிறகு கொஞ்சம் யோசித்து, "மொதல்ல குடுத்ததும் நல்ல மருந்துதாங்க" என்றாள்.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆளுக்கு இரண்டு கட்டி வார்த்துவிடுங்கள். ஒன்றைச் சிவப்பு நூலால் அழகாகக் கட்டுங்கள், அது கங்காணிக்குப் போகும். மற்றதில் கட்டைவிரலை அழுத்துங்கள்.